ருசி பார்க்கக் கூடாது

தட்டில் எலுமிச்சம்பழத்தைக் காணோம்.

ஒரு தட்டில் மட்டும் இல்லையென்றால், ஏதோ ஒரு வாண்டு கைவரிசையைக் காட்டிவிட்டது என்று விட்டுவிடலாம். நான்கு மேசைகளில் நான்கு தட்டுகள் இருந்தன. நான்கிலும் இல்லை. காலையில் டீச்சர் தன் கையாலேயே நறுக்கி, தட்டுக்கு ஒரு பாதியாக வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"ஆயாம்மா! இங்க வெச்ச எலுமிச்சம்பழம் எங்க?"

பள்ளியைப் பெருக்கித் துடைத்து, ஆசிரியர்களுக்கு டீயும் போடும் ஆயாம்மா வாசலில் தலையை நீட்டினாள்.

"ஹெச்.எம். சார்தான் எடுத்துட்டு வரச் சொன்னாருங்க டீச்சரம்மா. சோதிக்க வந்த சாருக்கு ஜூஸ் போடணும்னாரு."

"போட்டாச்சா?"

"போட்டாச்சு, அவரு குடிச்சாச்சு, டம்ளரையும் கழுவிக் கவுத்தாச்சு."

டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

நான்காம் வகுப்பு பி பிரிவுக்கு இன்று அறிவியல் சோதனை. எழுத்துப் பரீட்சை இல்லை, செய்து காட்டும் பரீட்சை. மேலிடத்திலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வந்திருந்தார். அவர் ஒவ்வொரு மேசையிலும் மூன்று காகிதக் கிண்ணங்களை வைத்திருந்தார். மூன்றிலும் வெள்ளைப் பொடி. ஒன்று உப்பு, ஒன்று சர்க்கரை, ஒன்று சமையல் சோடா. முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி மைய அரைத்திருந்ததால், கண்ணால் பார்த்தால் மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். அடையாளத்துக்குக் கிண்ணத்தில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பொட்டுகள். எந்தப் பொட்டு எந்தப் பொடி என்பது மதிப்பீட்டாளரின் சட்டைப் பையில் இருந்த ஒட்டிய கவருக்கு மட்டுமே தெரியும். எது எது என்று பிள்ளைகள் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். எப்படிக் கண்டுபிடித்தோம் என்றும் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. அதை அவரே கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: ருசி பார்க்கக் கூடாது. மீறினால் மேசைக்கே பூஜ்யம்.

எலுமிச்சைச் சாறு விட்டால் சோடா நுரைத்துக்கொண்டு பொங்கும். அதைத்தான் ஹெச்.எம். ஜூஸ் போட்டுவிட்டார்.

'போகட்டும், மெழுகுவர்த்தி இருக்கிறது' என்று டீச்சர் மனத்தைத் தேற்றிக்கொண்டாள். கரண்டியில் வைத்துச் சூடு காட்டினால் சர்க்கரை உருகிப் பழுப்பாகும், வாசனையே ஊரைக் கூட்டும். உப்பு கல்லுளிமங்கன் மாதிரி அப்படியே கிடக்கும். தட்டைப் பார்த்தாள். மெழுகுவர்த்தியும் இல்லை.

"நான்தான் எடுத்தேன்" என்றார் தலைமையாசிரியர், பின்னாலிருந்து. "பசங்க கையில நெருப்பா? பள்ளிக்கூடத்தையே கொளுத்திடுவாங்க. ஏன் டீச்சர், உங்க வகுப்பு லட்சணம் உங்களுக்குத் தெரியாதா?"

"சார், அது இல்லாம எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார் அவர், வேண்டுமென்றே இழுத்து.

அது அவளுக்கு வைத்த பட்டப்பெயர். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் அவள் சட்டென்று பதில் சொல்லிவிட மாட்டாள். "பண்ணிப் பாக்கலாம்" என்பாள். ஐஸ் கட்டி துணியில் சுற்றினால் சீக்கிரம் உருகுமா, மெதுவாகவா? பண்ணிப் பாக்கலாம். வகுப்பறை ஜன்னல் முழுக்கப் பாட்டிலில் தலைப்பிரட்டையும், பஞ்சில் முளைத்த பயறும், வெயிலுக்கு ஒன்று நிழலுக்கு ஒன்று என்று செடிகளுமாக இருக்கும். பிள்ளைகளுக்கு அவள் பாக்கலாம் டீச்சர். ஆசிரியர் அறையில் அதே பெயரைச் சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

தலைமையாசிரியர் நேற்றே தீர்ப்பை வாசித்துவிட்டார். "இந்தச் சோதனையில உங்க வகுப்பு கவுந்துச்சுன்னா, நாளையிலேர்ந்து பண்றதும் கிடையாது, பாக்கறதும் கிடையாது. கேள்வி பதிலைப் போர்டுல எழுதிப் போடுங்க. மனப்பாடம் பண்ணட்டும். ஏ பிரிவைப் பாருங்க, ஒரு சத்தம் வருதா? ஜன்னல்ல இருக்கற குப்பையையும் எடுத்துடுங்க."

அந்தக் குப்பையில் ஒரு தலைப்பிரட்டைக்கு நேற்றுத்தான் கால் முளைத்திருந்தது.

மதிப்பீட்டாளர் உள்ளே வந்தார். உருண்டையான மனிதர், உருண்டையான குரல். அவருக்கென்று முன்னால் போட்டிருந்த குஷன் நாற்காலியை அவர் சட்டை செய்யவில்லை. "பின்னாடிதான் காத்து வருது" என்று நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கடைசி மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

தலைமையாசிரியருக்கு முகம் வெளுத்துவிட்டது. காரணம், வந்தவர் கண்ணில் படக் கூடாது என்றுதான் மூன்று பிள்ளைகளைக் கடைசி மேசையில் உட்கார வைத்திருந்தார். ஒருவன் தவளை, தலைப்பிரட்டை பாட்டிலுக்குச் சொந்தக்காரன், வாய் ஓயாதவன். இன்னொருவன் கண்ணாடி, மூக்கில் நிற்காத கண்ணாடியைத் தள்ளிக்கொண்டே எதையாவது எழுதிக்கொண்டிருப்பான். மூன்றாமவள் சிப்பி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்பதுபோல் இருப்பாள் என்பதால் அந்தப் பெயர். வகுப்புக்கு வந்ததிலிருந்து அவள் பேசியதை மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு பக்கம் தேறாது.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கேள்வி" என்றார் மதிப்பீட்டாளர். கை நேராகத் தவளையை நோக்கி நீண்டது. "நீ சொல்லு தம்பி. எது கரையும்?"

தவளை எழுந்து நின்றான். "காக்கா சார்."

"என்னது?"

"காகம் கரையும், மயில் அகவும், குயில் கூவும். தமிழ்ப் பாடத்துல இருக்கு சார்."

"நான் தண்ணியில கரையறதைக் கேட்டேன்."

"எங்க தெருவுல தண்ணித் தொட்டி மேல உக்காந்துதான் சார் கரையும்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தலைமையாசிரியர் டீச்சரைப் பார்த்த பார்வையில் நாளைக்கு ஜன்னல் சுத்தமாகிவிடும் என்பது எழுதியிருந்தது.

மதிப்பீட்டாளர் தட்டுகளை எட்டிப் பார்த்தார். "எலுமிச்சம்பழம் எங்க? மெழுகுவர்த்தி எங்க? வைக்கச் சொல்லி எழுதியிருந்தேனே?"

தலைமையாசிரியர் மின்விசிறியை ஆராய்ந்தார். டீச்சருக்குப் போட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"சரி விடுங்க. இருக்கறத வெச்சு என்ன பண்றாங்கன்னு பாப்போம். அதுவும் ஒரு திறமைதான்."

தவளை மறுபடியும் கையைத் தூக்கினான். "சார், தட்டுல இல்லாததையும் எடுத்துக்கலாமா?"

"வகுப்புக்குள்ள இருக்கற எதை வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

"எதை வேணும்னாலுமா சார்?"

"எதை வேணும்னாலும்."

கடைசி மேசையின் மூன்று தலைகளும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

முதல் மேசைக்காரர்கள் தண்ணீரில் போட்டுக் கலக்கினார்கள். மூன்றும் கரைந்தன. இரண்டாம் மேசை மோந்து பார்த்தது. ஒருத்திக்குத் தும்மல் வந்ததுதான் மிச்சம். மஞ்சள் பொட்டில் பாதிப் பொடி பறந்தது. மூன்றாம் மேசைப் பெண்கள் கெட்டிக்காரிகள். மூன்று பொடியையும் ஜன்னல் விளிம்பில் சிட்டிகை சிட்டிகையாக வைத்துவிட்டு எறும்புக்காகக் காத்திருந்தார்கள். டீச்சருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. 'அடி என் தங்கங்களா! எறும்பு எதைத் தேடிப் போகுதோ அதுதான் சர்க்கரை!'

எறும்பு வரவில்லை. ஒன்றுகூட இல்லை.

"ஆயாம்மா, இந்த ஜன்னல்ல எப்பவும் ரயில் மாதிரி எறும்பு போகுமே?"

"சார் வர்றாருன்னு நேத்து மூலை முடுக்கெல்லாம் மருந்தடிக்கச் சொன்னாருங்களே ஹெச்.எம். சாரு. இனி ஒரு மாசத்துக்கு ஒண்ணு தலைகாட்டாது" என்று பெருமையாகச் சொன்ன ஆயாம்மா, கையிலிருந்த டீயை நீட்டினாள். "சாருக்கு டீ. சர்க்கரை வேண்டாம்னுட்டாரு."

மதிப்பீட்டாளர் அப்போது முதல் மேசையில் குனிந்திருந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்க இடமில்லாததால், ஆயாம்மா டம்ளரைக் கடைசி மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். சிப்பி தன் நோட்டை எடுத்து, ஈ உட்காராதபடி டம்ளருக்கு மேலே பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு என்று டீச்சர் உருகிப்போனாள்.

மதிப்பீட்டாளர் திரும்பி வந்து உட்கார்ந்தார். டீயை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினார்.

பிழிந்த துணி மாதிரி முகம் முறுக்கிக்கொண்டது. ஒரு கண் மூடியது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னம் இரண்டும் உப்பி நின்றன. பெரிய பதவியில் இருப்பவர் அல்லவா, கடைசியில் விழுங்கியே விட்டார்.

"என்ன சார்?" டீச்சர் ஓடினாள்.

"ஒண்ணுமில்லம்மா... டீயில உப்பு... கொஞ்சம் தூக்கலா இருக்கு."

டீச்சர் சமையல் அறைக்கு ஓடினாள். ஆயாம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "பால், தண்ணி, டீத்தூள். இந்த மூணைத் தவிர நான் எதையாவது தொட்டிருந்தா கேளுங்க! என் டீயில உப்பாம்ல உப்பு!"

டீச்சர் பாத்திரத்தில் மிச்சமிருந்ததைக் கரண்டியால் எடுத்துக் குடித்துப் பார்த்தாள். நல்ல டீதான். அவளுக்குப் பொறி தட்டியது. எலுமிச்சை ஜூஸில் உப்புப் போட்டிருப்பார்கள், டம்ளரைச் சரியாகக் கழுவவில்லை!

திரும்பி வந்து டம்ளரை எடுக்கப் போனாள். "ஆயாம்மா, வேற டம்ளர்ல கொண்டு வாங்க."

"வேணாம் டீச்சர்!" கண்ணாடி பதறி எழுந்தான். "இதே டம்ளர் இருக்கட்டும்."

"ஏன்டா?"

"சாருக்கு... அது ராசி டீச்சர்."

டீச்சருக்கு விவாதம் பண்ண நேரமில்லை. அதே டம்ளரைத் தேய்த்துக் கழுவி, சூடாக இன்னொரு டீயை ஊற்றி வந்தாள் ஆயாம்மா. மதிப்பீட்டாளர் எறும்பில்லாத ஜன்னலைப் பார்க்கப் போயிருந்தார். டம்ளர் மறுபடியும் கடைசி மேசை ஓரத்தில். சிப்பியின் நோட்டு மறுபடியும் அதற்குக் குடை.

இந்த முறை மதிப்பீட்டாளர் நம்பிக்கையோடு பெரிய வாயாகக் குடித்தார்.

முகம் முறுக்கிக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்தது. சோப்பை நக்கிவிட்ட குழந்தை மாதிரி நாக்கு ஒருமுறை வெளியே வந்து உள்ளே போனது. பிறகு வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ புறப்பட்டு, மார்பைத் தாண்டி, தொண்டையில் ஒரு கணம் தயங்கி, நீண்ட பெரிய ஏப்பமாக வகுப்பறையை நிறைத்தது.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைசி மேசை மட்டும் சிரிக்கவில்லை. மூவரும் அவரையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி எதையோ எழுதிக்கொண்டான்.

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. அருகில் போய், பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "அங்க என்னங்கடா வேடிக்கை? அவர் மூஞ்சியில என்ன விடையா எழுதியிருக்கு? தட்டைப் பாருங்க!"

"சரிங்க டீச்சர்" என்றான் தவளை, அதிசயமாக அடக்கத்தோடு.

"பால் திரிஞ்சுபோச்சு! அதான் விஷயம்!" என்று தலைமையாசிரியர் கண்டுபிடித்தார். "இந்த ஆயாம்மாவை நம்பினா என் மானம் கப்பலேறிடும். நானே போடறேன்."

புதுப் பால் பாக்கெட் உடைந்தது, புது டீத்தூள் பிரிந்தது. தலைமையாசிரியர் தன் வாழ்நாளில் முதல் தடவையாக டீ போட்டார். சட்டையில் பால், கையில் சூடு, அதே டம்ளரைத் துண்டால் பிடித்துக்கொண்டு தானே ஏந்தி வந்தார். மதிப்பீட்டாளர் வெளியே போய் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கடைசி மேசையில் வைத்துவிட்டு அவரைக் கூப்பிடப் போனார் தலைமையாசிரியர்.

மூன்றாவது டீயை மதிப்பீட்டாளர் பயந்து பயந்து நுனி நாக்கால் தொட்டார். அப்புறம் ஒரு வாய். அப்புறம் இன்னொரு வாய். புருவம் உயர்ந்தது, தோள் தளர்ந்தது, கண்கள் சொக்கின. நிறுத்தாமல் அடிவரை குடித்துவிட்டு டம்ளரைத் தட்டி, கடைசிச் சொட்டையும் வாங்கிக்கொண்டார்.

"அடடா! யார் போட்டது?"

"நான்தான் சார்" என்றார் தலைமையாசிரியர், காது வரை சிரித்து.

"சர்க்கரை எவ்வளவு போட்டீங்க?"

"சர்க்கரையே போடல சார்! நீங்கதான் வேண்டாம்னீங்களே!"

மதிப்பீட்டாளர் குறும்பாகக் கண்ணடித்தார். "புரியுது, புரியுது. என் வீட்டுக்காரி கேட்டா நானும் அப்படியேதான் சொல்லுவேன்."

நேரம் முடிந்தது. முதல் இரண்டு மேசைகளும், "மூன்றும் ஒரே மாதிரிதான் இருந்தன. எது எது என்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தன. மூன்றாம் மேசை, "எறும்பு வந்தால் சொல்வோம்" என்று எழுதியிருந்தது. கடைசித் தாளை எடுத்த மதிப்பீட்டாளர், சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்துக் கிழித்து, தாளையும் கவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சிவப்பு உப்பு. நீலம் சோடா. மஞ்சள் சர்க்கரை. மூணும் சரி!"

டீச்சரின் காதில் அது பாட்டுப் போல விழுந்தது. கடைசி மேசை! ஒளித்து வைத்த மேசை!

"சார், இது நடக்கற காரியமா?" தலைமையாசிரியர் முன்னால் வந்தார். "எலுமிச்சம்பழம் இல்ல, மெழுகுவர்த்தி இல்ல. திருட்டுத்தனமா ருசி பாத்திருக்கு இதுங்க! பூஜ்யம் போடுங்க."

"என் பசங்க பாத்திருக்க மாட்டாங்க" என்றாள் டீச்சர். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. இதுவரை தலைமையாசிரியரிடம் அவள் 'சரிங்க சார்' தவிர வேறெதுவும் சொன்னதில்லை. "கூடாதுன்னு எழுதினா கூடாதுதான். அவங்களுக்குத் தெரியாததைத் தெரியலைன்னு எழுதுவாங்களே தவிர, ஏமாத்த மாட்டாங்க. மத்த மூணு தாளையும் பாருங்க சார்."

மதிப்பீட்டாளர் மூவரையும் நாக்கை நீட்டச் சொன்னார். தவளையின் நாக்கு பேனா மையில் ஊதாவாக இருந்தது. மற்ற இரண்டும் சுத்தம். ஒன்றிலும் வெள்ளைப் பொடி இல்லை.

"அப்ப எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

கண்ணாடி எழுந்து கண்ணாடியைத் தள்ளிக்கொண்டான். "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணும் சார். மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும். அப்பதான் எதனால மாறுச்சுன்னு தெரியும். பாக்கலாம் டீச்சர் சொல்லிக் குடுத்தது."

"எதை மாத்தினீங்க?"

"பொடியை மட்டும் சார். பாத்திரம் ஒண்ணுதான், சூடு ஒண்ணுதான், கலக்கின பென்சிலும் ஒண்ணுதான். ஒவ்வொரு தடவையும் என்ன ஆகுதுன்னு பாத்து எழுதிக்கிட்டோம்."

மதிப்பீட்டாளர் டீச்சரைப் பார்த்து இரண்டு கைகளையும் குவித்துவிட்டார்.

"அம்மா, எத்தனையோ பள்ளிக்கூடம் பாத்துட்டேன். பெரிய வகுப்புப் பசங்களுக்கே இது வராது. பாத்திரத்தைக்கூட மாத்தாம வெச்சிருக்காங்க பாருங்க! தெரியாததைத் தெரியலைன்னு எழுதின மத்த மூணு மேசைக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், இது வகுப்பு!" தாளில் முழு மதிப்பெண் போட்டு, கையெழுத்தும் போட்டு, தலைமையாசிரியர் கையில் திணித்தார். "அடுத்த வாரத்திலேர்ந்து ஏ பிரிவுக்கும் இவங்களே அறிவியல் எடுக்கட்டும். அந்த ஜன்னலை யாரும் தொடக் கூடாது."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளைகளின் முகங்கள் கலங்கலாக, நூறு மடங்கு அழகாகத் தெரிந்தன. யார் என்ன பட்டப்பெயர் வைத்தால் என்ன, இதற்காக எத்தனை பெயர் வேண்டுமானாலும் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போன மதிப்பீட்டாளர், நின்று திரும்பினார்.

"போட்ட மார்க்கை மாத்த மாட்டேன், பயப்படாம சொல்லுங்க. உப்பையும் சர்க்கரையும் ருசி பாக்காம எப்படிப் பிரிச்சீங்க? அதுதான் எனக்குப் பிடிபடல."

தவளை கூரையைப் பார்த்தான். கண்ணாடி தரையைப் பார்த்தான். எழுந்து நின்றவள் சிப்பி. வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சிப்பி வாயைத் திறந்தாள்.

"நாங்க ருசி பாக்கவே இல்ல சார். நீங்க பாத்தீங்க, நாங்க உங்க மூஞ்சியைப் பாத்தோம்."